அழைக்க மட்டும் ஒரு தீ

மெத்தை சூடாக இருந்தது.

கனாயே கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். தரையில் போட்டு உட்காருகிற சதுர மெத்தை. ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் அலமாரியிலிருந்து இரண்டை எடுத்து, விருந்தாளிக்கு ஒன்று தனக்கு ஒன்று என்று கூடத்தில் போட்டுவிட்டு, கணப்புச் சட்டிக்குக் கரி எடுக்கப் போயிருந்தாள். டிசம்பர் மாதம், மலைக்கிராமம், நூற்று நாற்பது வருஷத்து மரவீடு. கூடத்துக்குள்ளேயே மூச்சு வெள்ளையாக வந்தது, கரிக்கூடையைப் பிடித்திருப்பதே விரல்களுக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட குளிரில் இந்த மெத்தை மட்டும், பேருந்தில் யாரோ அப்போதுதான் எழுந்துபோன இருக்கையைப் போல, உடம்புச் சூட்டோடு கிடந்தது. நடுவில் குழி வேறு.

வீட்டில் பூனை கிடையாது. இன்றைய விருந்தாளியை மூன்று மணிக்கே ஸ்டேஷனிலிருந்து வேனில் அழைத்து வந்தாயிற்று, அவர் படமெடுக்க ஆற்றங்கரைக்குப் போயிருந்தார். சமையல்காரி சுருயே அடுப்படியில் முள்ளங்கி நறுக்குகிற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. வேறு ஆள் இல்லை.

அவள் அந்த மெத்தையைத் தூக்கி உதறி அலமாரியில் திணித்துவிட்டு வேறொன்றை உருவினாள். அதுவும் சூடு. அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை இழுத்தாள். சூடு. அடியில் கிடந்ததை, மாதக்கணக்கில் யாரும் தொடாததைத் தொட்டாள். அதுவும்.

"அக்கா," என்று கூப்பிட்டாள். குரல் சாதாரணமாக வரும்படி பார்த்துக்கொண்டாள். "அலமாரிக்குப் பின்னால ஹீட்டர் பைப்பு ஏதாச்சும் போகுதா?"

நறுக்கும் சத்தம் நின்றது.

"இந்த வீட்டுலயா? ஹீட்டரா? உங்க கம்பெனிக்காரன் எனக்கு ஒரு வெந்நீர்க் குழாயே போட்டுத் தரல. பாத்திரம் கழுவிக் கழுவி என் கை மீன் செதில் மாதிரி ஆயிடுச்சு. கேக்குறா பாரு, ஹீட்டர்."

நறுக்கும் சத்தம் மறுபடி தொடங்கியது.

கனாயே இரண்டு மெத்தைகளையும் நேராகப் போட்டு, குழிகளைத் தட்டிச் சமமாக்கினாள். இன்றைக்கு எதையும் யோசிக்கக் கூடாது. காலையில் மேனேஜர் ஒகாதா கியோத்தோ அலுவலகத்திலிருந்து ஃபோனில் சொன்னதை மட்டும் நினைத்துக்கொண்டாள். "இன்னைக்கு வர்ற அம்மா சும்மா ஆள் இல்ல கனாயே. ஃபின்லாந்துல பெரிய டிராவல்ஸ். அவங்க சரின்னுட்டா வருஷம் முழுக்க குரூப் வரும். நீ ஜனவரில இங்க வந்துடலாம். பர்மனென்ட். நான் பேசி வச்சுட்டேன். சொதப்பிடாத."

கியோத்தோ மேல் அவளுக்குத் தனியாக ஒரு ஆசையும் இல்லை. இந்த வீட்டுக்கு வெளியே எந்த ஊர் கிடைத்தாலும் போதும். ஏப்ரலிலிருந்து இங்கே ஓர் அறையில் தனியாகப் படுக்கிறாள். ஒப்பந்தத்தில் அவள் பதவியின் பெயர் "வீட்டு மகள்", தங்குமிடம் இலவசம். செப்டம்பர் வரை தூங்கினாள். அதற்குப் பிறகு தூங்கினாள் என்று சொல்ல முடியாது. யாரும் எதுவும் செய்யவில்லை. ஒரு கதவு தானாகத் திறந்ததில்லை, ஒரு விளக்கு அணைந்ததில்லை. வீடு நிறைந்திருந்தது, அவ்வளவுதான். இருட்டில் கண்ணை மூடினால், நிற்கக்கூட இடமில்லாத ரயில்பெட்டியின் தரையில் படுத்திருப்பது போல இருந்தது. யாரும் இடிப்பதில்லை. யாரும் பேசுவதில்லை. எல்லோரும் காலை ஒடுக்கிக்கொண்டு, அவள் படுக்க மட்டும் இடம் விட்டு, சுற்றி நிற்கிறார்கள்.

இன்று ஒரு மாலை ஒழுங்காக நடந்தால் ஜனவரியில் வெளியே போகலாம். நடக்காவிட்டால் இன்னொரு வருஷம் இங்கேயேதான்.

இதில் கொடுமை என்னவென்றால், தங்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்காக மாலைதோறும் இங்கே நடக்கிற நிகழ்ச்சியை எழுதிக் கொடுத்ததே அவள்தான். "மூதாதையர் வரும் மாலை." மீன் ஆலையில் நின்றபடியே முப்பது வருஷம் ஓட்டிய ஆளுக்குப் பிறந்தவள், அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆள். செத்தவர்கள் வீட்டுக்கு வந்து போகிற ஆகஸ்டு மாதத்து ஓபோன் நாட்களின் தீச்சடங்குகளைப் பற்றி நூற்றுப் பத்துப் பக்கம் ஆய்வு எழுதினாள். நேர்முகத் தேர்வில் அதை ஒகாதா இரண்டே நிமிடம் புரட்டினார். மூன்று நாள் செய்வதை வருஷம் முழுக்கச் செய்தால் என்ன என்றார். முதல் நாள் அந்தியில் வாசலில் சணல் தண்டு எரித்து அவர்களை அழைக்கிற தீ: படத்துக்கு அழகு, இருக்கட்டும். அவர்கள் வேகமாக ஏறி வர, வெள்ளரிக்காயில் நாலு குச்சி குத்திச் செய்கிற குதிரை: வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்கும், இருக்கட்டும். அவர்கள் மெல்லத் திரும்பிப் போக, கத்தரிக்காயில் செய்கிற பசு: குளிர்காலத்தில் கத்தரிக்காய்க்கு எங்கே போவது, வேண்டாம். கடைசி நாள், வழியனுப்பும் தீ.

"இது எதுக்கு?" என்றார் ஒகாதா. "இதுக்கு இன்னொரு நாள் தங்கணும். காலைல ஒன்பது மணிக்கு அவங்களுக்கு பஸ். ரெண்டாவது நாளை எவன் வாங்குவான்?"

"வந்தவங்கள அனுப்பி வைக்கணும், ஒகாதா சான். அதான் முறை."

"யாரு வந்தாங்க?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். வேலை வேண்டுமே. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது பல் கூசுகிறது.

ஏப்ரலிலிருந்து இருநூற்றுப் பத்து மாலைகள். இருநூற்றுப் பத்துத் தீ. எல்லாமே அழைத்த தீ.

நாலே காலுக்குச் சுருயே ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். ஐம்பத்தெட்டு வயது, கட்டையான உடம்பு, வாய் மட்டும் ஓயாது. "சூப்பு மூடி வச்சிருக்கேன். மீனை மட்டும் கடைசில சுடு. நீ தீ வைக்கிறதுக்குள்ள நான் பாலத்தைத் தாண்டிடணும்."

"இன்னைக்கு ஒரு நாள் இருந்து பரிமாறுங்களேன் அக்கா. பெரிய ஆளு வந்திருக்காங்க."

"பிரதம மந்திரியே வரட்டும். இருக்க மாட்டேன்." அவள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டாள். "ஏண்டி, நீ படிச்சவ. ஒண்ணு கேக்குறேன். தினம் வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூவுறியே, பேர் சொல்லியா கூப்பிடுற?"

"இல்ல."

"இந்த வீட்டுக்காரங்க ஒசாகாவுக்குப் போறப்ப மேல இருந்த கல்லறையையும் பேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. எலும்புகூட இங்க இல்ல. வீட்டு ஆளுங்க எவனும் வரப்போறதில்ல. அப்ப நீ கூப்பிட்டா யாருடி வருவா?"

"யாரும் வரமாட்டாங்கக்கா. நடிப்புதான."

"தன்னைக் கூப்பிட ஒரு ஆள்கூட இல்லாம இந்த மலைல எத்தனை பேர் செத்திருக்கான்னு தெரியுமா உனக்கு? மரம் வெட்ட வந்தவன், அணை கட்ட வந்தவன், பனில வழி தெரியாமப் போனவன். நூறு பக்கம் எழுதினியாமே. அத எழுதலையா?"

"பயமுறுத்தாதீங்க."

"நானா பயமுறுத்துறேன்? நல்லாருக்குடி." சுருயே அவள் கன்னத்தைச் செதில் விரலால் லேசாகத் தட்டிவிட்டு வெளியே போனாள். அவளுடைய குட்டி லாரி உறுமி, இறக்கத்தில் இறங்கி, பாலத்தின் பலகைகளில் தடதடத்து, சத்தம் அடங்கியது. அதற்குப் பிறகு ஆறு மட்டும்.

விருந்தாளி ஐலா ஆற்றங்கரையிலிருந்து திரும்பி வந்தார். உயரமான பெண்மணி, ஒட்ட வெட்டிய நரைமுடி, கனத்த பூட்ஸ், எதையும் வாங்குவதற்கு முன் தட்டிப் பார்க்கிறவரின் முகம். கனாயே வீட்டு மகளின் கருநீலக் கிமோனோவில் வாசற்கதவருகே குந்தி, மண்தட்டில் சணல் தண்டுகளை அடுக்கினாள். மலைக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. தீக்குச்சியை உரசினாள். உலர்ந்த தண்டுகள் படபடவென்று பிடித்து, வெல்லம் கருகுவது போன்ற வாசனையோடு வெள்ளைப் புகையை விட்டன.

அவள் எழுந்து இருட்டிக்கொண்டு வரும் பாதையைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள்.

"வாங்க. ரொம்ப நாளாக் காத்துக்கிட்டிருந்தோம். இது உங்க வீடு. உள்ள வாங்க."

எழுதியதும் அவளே, சொன்னதும் அவளே. இருநூற்றுப் பதினோராவது தடவை.

காற்று மலையிலிருந்து கீழே, வீட்டிலிருந்து வாசலை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. அவள் நெற்றி மயிர் அந்தப் பக்கம்தான் பறந்தது. புகை மட்டும் காற்றுக்கு எதிராகப் போனது. தரையோடு தரையாக, கலையாமல், நடைபாதைக் கல்லின் அகலத்துக்கே நீண்டு, வாசற்படியில் ஒரு கணம் நின்று, ஏறி உள்ளே போனது.

ஐலா கைதட்டினார். பிறகு தட்டுவதை நிறுத்தினார். யாருக்கோ வழிவிடுவது போல ஓரடி நகர்ந்தார். புகைக்கு ஒதுங்குகிறார் என்று கனாயே நினைத்தாள். ஐலா இன்னொரு அடி நகர்ந்தார். மறுபடியும். கடைசியில் முதுகு வேலியில் இடிக்க நின்று, தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி மன்னிப்புப் போல எதையோ முணுமுணுத்தார்.

"எத்தனை பேர்," என்றார் தனக்குள், மகிழ்ச்சியாக.

கனாயே கேட்காதது போலத் தீயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாப்பாட்டுக்கு முன் குளியல். நாலு மணிக்கே தொட்டியை விளிம்பு வரை விறகில் காய்ச்சிய சுடுநீரால் நிரப்பி, மரமூடி போட்டு வைத்திருந்தாள். விருந்தாளி முதலில் இறங்க வேண்டும், வீட்டார் பிறகு. இதில் மட்டும் ஒகாதாகூடக் கை வைக்கவில்லை. ஐலா பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். தலை நனையவில்லை.

"குறை சொல்லல," என்றார். "குடும்பத்துல எல்லாரும் ஒரே தண்ணில குளிப்பீங்கன்னு படிச்சிருக்கேன். ஆனா விருந்தாளிதான் முதல்லன்னும் படிச்சேனே?"

"நீங்கதான் முதல்ல..."

"அப்படியா?" ஐலா புன்னகைத்தார். "சரி விடு. நான் கையை மட்டும் கழுவிக்கிட்டேன்."

கனாயே குளியலறைக்குப் போனாள். கதவைத் தள்ளியதும் ஈர வெப்பம் முகத்தில் அடித்தது, உள்ளே ஒரு கூட்டத்தின் வாடை: நனைந்த கம்பளி, பழைய தலையெண்ணெய், இரும்பு, ஊறிய இலை. பலகைத் தரை முழுக்க ஈரம். தொட்டியில் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. கலங்கல். விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் அழுக்கு வளையம். மேலே மயிர்கள் மிதந்தன. நீளமாக வெள்ளை மயிர், குட்டையாகக் கறுப்பு மயிர், பஞ்சு போல மெல்லிய குழந்தை மயிர். ஓரத்தில் மரக்குவளைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒழுங்காகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மரியாதையான குடும்பம்.

அவள் கதவை மூடினாள். அழுகை வரும் என்று பார்த்தால் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், பிறகு தெரிந்த கோபம். நூற்றுப் பத்துப் பக்கம் எழுதியவளுக்கு ஒரே ஒரு வரி தெரியாதா? கூப்பிட்டால் அனுப்ப வேண்டும். இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரியும். அவள் அப்பாவுக்குத் தெரியும். மீன் வாடை போகாத கையால் தீயை மூட்டி, எல்லாம் முடிந்ததும் சாம்பலைக் கூட்டி அள்ளுகிற அந்த மனிதருக்குத் தெரியும்.

மீனைச் சுட்டாள். தட்டுகளைக் கொண்டுபோய் வைத்தாள்.

ஐலா கூடத்தில் தன் மெத்தையில் கோணலாக உட்கார்ந்திருந்தார். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, தோளைச் சுருக்கிக்கொண்டு. சுற்றிலும் பன்னிரண்டு பாய் அகலத்துக்கு வெற்றுத் தரை. அப்படியும் அவர் சாப்பிடக் கையைத் தூக்க இடம் போதாதவர் போல, சூப்புக் கிண்ணத்தை மார்போடு வைத்து உறிஞ்சினார்.

"ரொம்ப நல்லாருக்கு," என்றார். "ஆக்டர்ஸ் எல்லாரும் பிரமாதம். ஒண்ணு மட்டும் சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"ஆளு ரொம்ப அதிகம். ஒரு பத்துப் பேர் போதும். அப்புறம் அவங்களும் உக்காந்து சாப்பிட்டா நல்லாருக்கும். நான் மட்டும் சாப்பிட, இத்தனை பேர் நின்னு பாக்குறது..." குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சின்னப் பொண்ணுக்குக் காஞ்ச துணி ஏதாச்சும் குடேன். சொட்டச் சொட்ட நிக்குது."

கனாயே அவர் பார்த்த திசையில் பார்த்தாள். தூண். அதன் அடியில் தரைப்பாய் கறுத்திருந்தது. ஈரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கறுப்பு ஒரு விரல் அகலம் பரவியது.

"அவங்க உங்களத்தான் பாக்குறாங்களா?" என்று கேட்டாள்.

"என்னையா? இல்லையே." ஐலா சிரித்தார். "ஒருத்தர்கூட என்னைப் பாக்கல. எல்லாரும் உன்னைத்தான். அம்மா அடுத்து என்ன சொல்லுவாளோன்னு குழந்தைங்க பாக்குமே, அப்படி."

கணப்புச் சட்டியில் கரி வெடித்தது. காகிதக் கதவுகள் ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் லேசாக உப்பி, மறுபடி தட்டையாயின. உப்பின. தட்டையாயின. வீடு முழுக்க ஒரே மூச்சு.

ஃபோன் அதிர்ந்தது. ஒகாதா. அவள் அடுப்படிக்கு ஓடினாள்.

"எப்படிப் போகுது? அந்தம்மா சிரிக்கிறாங்களா?"

"ஒகாதா சான், நான் இன்னைக்கு வழியனுப்பும் தீ வைக்கப் போறேன். இப்பவே."

"என்ன? சாப்பாட்டுக்கு அப்புறம் டீ, அப்புறம் படுக்கை. புதுசா ஒண்ணும் நுழைக்காத."

"இருநூத்திப் பதினோரு நாள் கூப்பிட்டிருக்கேன். ஒருத்தரையும் அனுப்பல."

"கனாயே." பெருமூச்சு. "உனக்கு ரெஸ்ட் வேணும். கியோத்தோ வந்ததும்..."

"ரெஸ்டா? நீங்க வந்து படுங்க இந்த வீட்டுல. ஒரே ஒரு ராத்திரி. உங்க கோட்டு, டை, எல்லாத்தோடயும் வந்து படுங்க. அப்புறம் பேசுவோம்."

வைத்துவிட்டாள். போனால் போகட்டும். வேலையாவது மண்ணாவது. முதலில் இவர்கள் போக வேண்டும். இவர்கள் போனால்தான் அவள் போக முடியும்.

மிச்சமிருந்த சணல் தண்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனாள். மணி ஏழுகூட ஆகவில்லை, ஆனால் நன்றாக இருட்டியிருந்தது. மூன்று குச்சி அணைந்தது. நாலாவது பிடித்தது. தீ அவள் இடுப்பு உயரத்துக்கு எழுந்தது.

வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்று குனிந்தாள்.

"இத்தனை நாள் வச்சுக்கிட்டதுக்கு மன்னிச்சிடுங்க. போயிட்டு வாங்க. பத்திரமாப் போயிட்டு வாங்க."

முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே, பின்கட்டில், ஒரு பலகை முனகியது. அடுத்தது. மாடிப்படி. நடைவழி. கூடம். நூற்று நாற்பது வருஷத்து மரம் ஒவ்வொரு கணுவிலும் பாரம் இறங்க இறங்க முனகியது. வாசற்படி வழியாக வெதுவெதுப்பான காற்று வெளியே வந்து அவள் முகத்தைத் தொட்டுக் கடந்தது. கம்பளி வாடை. தலையெண்ணெய். இருமல் மருந்து. காளான் மண். தாய்ப்பால் புளித்த வாடை. அவள் தலை நிமிரவில்லை. ஒவ்வொருவராகக் கடந்தார்கள். அவள் கிமோனோவின் கை ஆடியது. நின்றது. ஆடியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கண்ணீர் மூக்கு நுனியில் சேர்ந்து சொட்டியது. பயம் போய்க்கொண்டிருந்தது, ஒரு சுமையைப் போல, ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு போவது போல.

வீடு அடங்கியது. உண்மையிலேயே அடங்கியது. ஏப்ரலுக்குப் பிறகு முதன்முறையாக அது காலியான வீட்டைப் போலக் குளிர்ந்து நின்றது.

அவள் நிமிர்ந்து புகையைப் பார்த்தாள். பாதையைத் தாண்டி மேலே, கல்லறை மேட்டுக்கு அது ஏற வேண்டும். ஏறியது. பத்தடி போனது. நின்றது. இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம். தெரு விளக்கின் வெளிச்சத்தில், விலாசம் தெரியாதவர் போலத் தயங்கித் தடவியது.

மேலே கல்லறை இல்லை. ஒரு சதுரக் குழியும் அதன் மேல் கொட்டிய சரளைக் கல்லும்தான். பேர் இல்லாதவர்களுக்கு அதுகூட இல்லை.

அனுப்பினால் போதாது. போக ஓர் இடம் வேண்டும்.

புகை திரும்பி வந்தது. தீயைச் சுற்றி வந்தது. அவளைச் சுற்றி வந்தது. முதுகில் சூடு. தோளில் சூடு. இரண்டு பக்கமும் சூடு. கால்மாட்டில், முழங்கால் உயரத்தில், ஈரமான சின்னச் சூடு ஒன்று கிமோனோவைப் பிடித்துக்கொண்டது. துணி நனைந்தது.

தீ அணைந்தது.

"முடிஞ்சுதா?" ஐலா வாசற்படியில் நின்றிருந்தார், தோளில் போர்வையும் கையில் ஃபோனுமாக. "ரொம்ப அழகு. இதைத்தான் என் ஆளுங்களுக்குக் காட்டணும். ஆனா அவங்க ஏன் போகாம உன்னைச் சுத்தி நிக்கிறாங்க?"

இடுப்புக் கச்சைக்குள் ஃபோன் அதிர்ந்தது. ஒகாதாவின் செய்தி, வரிசையாகச் சிரித்த முகங்களோடு. அந்தம்மா சரி சொல்லிட்டாங்க. முழு வருஷம். நீ பேசினதை மறந்துட்டேன். ஜனவரி எதுக்கு, நாளைக்கே கிளம்பி வா.

கிளம்பு. அந்தச் சொல் மட்டும் தெரிந்தது. நாளை இல்லை. இப்போது.

வேன் வேலியோரம் நின்றது. பத்து இருக்கை. அவள் ஓடினாள், மரச்செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, எடுக்கவில்லை. கதவைத் திறந்தபடி கத்தினாள். "ஏறுங்க! டவுன்ல ஹோட்டல் இருக்கு. சாமான் நாளைக்கு எடுத்துக்கலாம். சீக்கிரம் ஏறுங்க!"

ஐலா இரண்டடி வந்தார். வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இடம் இல்லையே."

"என்ன?"

"குடும்பமாக் கிளம்புறீங்க. நான் எதுக்கு நடுவுல?" கையசைத்தார். கனாயேவுக்கு இல்லை, அவளுக்குப் பின்னால். "வீடு இப்பத்தான் காலியாச்சு. நான் நிம்மதியாத் தூங்குவேன். போயிட்டு வாங்க எல்லாரும்."

கனாயே ஏறிக் கதவை அறைந்தாள். சாவி. எஞ்சின். முன்விளக்கு வெளிச்சத்தில் பாதை வெறுமையாக இருந்தது.

வேன் இடப்பக்கம் சாய்ந்தது.

நிமிர்ந்தது. பின்னால் அமிழ்ந்தது. மறுபடியும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமில்லாமல், ஒருவர் ஏறி அடுத்தவருக்குக் கை கொடுப்பது போல. சக்கரத்தின் மேல் தகரம் உரசிக் கிறீச்சிட்டது. கண்ணாடிகள் உள்பக்கமிருந்து வெளுத்தன. பாதை மறைந்தது. ஐலா மறைந்தார்.

பக்கத்து இருக்கைக்கான பெல்ட் விளக்கு சிவப்பாக எரிந்தது. டிங். டிங். டிங்.

அவள் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கைகளை மட்டும் பார்த்தாள்.

பக்கத்தில் பெல்ட் பட்டை உருவப்படும் சத்தம். நீளமாக. மெதுவாக. பழக்கமில்லாத கை.

கிளிக்.

டிங் நின்றது. பின்வரிசையில் ஒன்று. கிளிக். அதற்கும் பின்னால். கிளிக். கிளிக். அவள் எண்ணினாள். வேறு எதுவும் செய்ய முடியவில்லை. ஐந்து. ஆறு. எட்டு.

ஒன்பது.

அமைதி. கழுத்துக்குப் பின்னால் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவளுடைய தோளுக்கு மேலிருந்து பெல்ட் தானாக இறங்கியது. மார்பின் குறுக்கே வந்தது. நடுவில் விழுந்திருந்த ஒரு முறுக்கை, கண்ணுக்குத் தெரியாத வெதுவெதுப்பான விரல்கள், பள்ளிக்கூடம் போகிற மகளுக்குச் செய்வது போல நிமிர்த்தி, தடவிச் சமன் செய்து, இடுப்பருகே கொண்டுபோய் அழுத்தின.

கிளிக்.